ஊர்ச் சட்டத்தரணி ஒருவரின் பாராளுமன்ற வாழ்வை எழுதுவது எப்படி

திருகோணமலைச் சட்டத்தரணியும் எம்.பி.யுமான இரா. சம்பந்தன் ஐயா 2024 ஜூன் 30 அன்று கொழும்பில் காலமானார். அடுத்த ஒரு வாரத்துக்குள் திருகோணமலையில் என் கைக்கு வந்த அஞ்சலிப் பிரசுரங்கள் ஏழெட்டு இருக்கும். ஒன்றில் அவர் 1977 முதல் 47 ஆண்டுகள் தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்தார் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 1983க்கு அடுத்த வரியே 2001. மூன்றாவதில் அவர் சட்டத்தரணியாக இருந்த காலம் ஒற்றைச் சொல்லில் முடிந்துபோயிருந்தது. எழுதியவர்களின் அன்பில் குறை இல்லை. ஆனால் இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளை இவற்றை எடுத்துப் பார்த்தால், அந்த மனிதர் எப்போது என்ன செய்தார், எப்போது செய்ய வழியில்லாமல் வெளியே நின்றார் என்று எதுவுமே பிடிபடாது.

எங்கள் வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகள் நாலு பேரோடு சேர்ந்து இந்த வேலையை நானே செய்து பார்த்தேன். அதில் கற்ற வழிமுறைதான் இது. உதாரணமெல்லாம் சம்பந்தன்தான், ஆனால் மட்டக்களப்போ மன்னாரோ வவுனியாவோ, உங்கள் ஊரில் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு எம்.பி. ஆன யாரை எடுத்தாலும் வேலை ஒன்றுதான்.

இருக்கையை எண்ணுங்கள்

ஒரு பெரிய தாள் எடுங்கள். கணினி இருந்தால் அதிலே ஒரு அட்டவணை போடுங்கள். பிறந்த ஆண்டில் தொடங்கி இறந்த ஆண்டு வரை ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி. சம்பந்தனுக்கு 1933 முதல் 2024 வரை 92 வரி வரும். பல வரிகள் வெறுமையாகவே கிடக்கும், கிடக்கட்டும். வெறுமையாகக் கிடக்கும் வரிதான் அடுத்து எங்கே தேட வேண்டும் என்று உங்களுக்குக் காட்டும்.

இப்போது அவர் எந்த நாளில் இருக்கையில் அமர்ந்தார், எந்த நாளில் எழுந்தார் என்பதை மட்டும் குறியுங்கள். 1977 ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் திருகோணமலைத் தொகுதியில் வென்றார். 1983 செப்டெம்பரில் இருக்கையை இழந்தார். 1997 இல் திரும்ப உள்ளே போனார். 2000 தேர்தலில் அவருடைய கட்சிக்கு எங்கள் மாவட்டத்தில் ஆசனமே கிடைக்கவில்லை. 2001 டிசம்பரில் மறுபடி வென்றார், அதன் பிறகு 2004, 2010, 2015, 2020 என்று எல்லாத் தேர்தலிலும் வென்று இறக்கும் நாள் வரை உறுப்பினராக இருந்தார். கூட்டிப் பாருங்கள். ஆறு வருடம், பிறகு மூன்று, பிறகு இருபத்திரண்டரை. மொத்தம் கிட்டத்தட்ட 32 ஆண்டுகள், இடையிடையே பாராளுமன்றம் கலைந்து கிடந்த மாதங்களைக் கழித்தால் இன்னும் குறையும். 47 அல்ல.

இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் என்னோடு கோபித்துக்கொண்டார், பதினைந்து வருடத்தை வெட்டி அவரைச் சின்னவராக்குகிறாயா என்று. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் கதையின் கனமே இருக்கிறது. 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பு, தேர்தல் வைக்காமலே அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டியது. மக்கள் தந்த தவணை 1983 நடுப்பகுதியோடு முடிகிறது, அதற்கு மேல் இருக்கக் கூடாது என்று கூட்டணி மீது அழுத்தம். அதற்குள் ஜூலைக் கலவரம். ஆகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்து, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்தால்தான் இருக்கலாம் என்றது. கூட்டணி உறுப்பினர்கள் போகவில்லை. அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராதவரின் இருக்கை வெறிதாகும் என்பது அரசியலமைப்பின் 66 ஆவது உறுப்புரை. அப்படித்தான் போனது அந்த இருக்கை. ‘பதவி துறந்தார்’ என்றோ ‘பதவி பறிக்கப்பட்டது’ என்றோ ஒரு வரியில் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் பாதி உண்மைதான் வரும்.

இருக்கை இல்லாத ஆண்டுகளிலும் ஆள் சும்மா இருக்கவில்லை. 1985 இல் பூட்டானில் நடந்த திம்புப் பேச்சுவார்த்தையில் கூட்டணித் தலைவர்களான அமிர்தலிங்கம், சிவசிதம்பரம் ஆகியோரோடு கூட்டணிக் குழுவில் சம்பந்தனும் இருந்தார். அந்த வருடத்தின் பாராளுமன்ற அறிக்கையில் இதைத் தேடினால் கிடைக்காது. ஆகவே வெற்று வரிகளை நிரப்பப் பத்திரிகைக்குப் போக வேண்டும்.

1997 எப்படி வந்தது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஜூலை 5 அன்று எங்கள் மாவட்ட எம்.பி. அ. தங்கத்துரை திருகோணமலையில் கொல்லப்பட்டார். விகிதாசார முறையில் உறுப்பினர் ஒருவர் இறந்தால் இடைத்தேர்தல் கிடையாது. அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில், அதாவது வேட்பாளரின் பெயருக்கென்று தனியாக விழும் வாக்கில், அடுத்து நிற்பவர் உள்ளே போவார். 1994 பட்டியலில் அப்படி அடுத்து நின்றவர் சம்பந்தன். பழைய தொகுதி முறையில் அப்படியில்லை. 1963 இல் எங்கள் எம்.பி. என். ஆர். இராஜவரோதயம் காலமானபோது இடைத்தேர்தல் வைத்தார்கள், எஸ். எம். மாணிக்கராசா வந்தார். எந்த ஆண்டில் எந்த முறை இருந்தது என்று தெரியாமல் எழுதினால் ‘நியமிக்கப்பட்டார்’ ‘தெரிவானார்’ என்ற சொற்களைத் தாறுமாறாகப் போட்டுவிடுவோம். அப்புறம் இந்த இராஜவரோதயம் என்ற பெயர். சம்பந்தனின் தகப்பன் பெயரும் இராஜவரோதயம்தான். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று தகப்பனையும் எம்.பி.யையும் ஒரே ஆளாக்கிவிடுகிறார்கள். முதலெழுத்தைப் பார்க்காமல் எங்கள் ஆட்களின் உறவுமுறையை எழுதவே கூடாது.

வாக்குச்சீட்டில் இருந்த பெயர்

தேர்தல் முடிவு அட்டவணையில் ‘தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு’ என்று தேடினால் ஒன்றும் வராது. எங்கள் பிள்ளைகள் இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தார்கள். கூட்டமைப்பு 2001 இல் உருவானது, ஆனால் அந்தப் பெயரில் பதிவு செய்த கட்சியாக ஒருபோதும் வாக்குச்சீட்டில் நிற்கவில்லை. 2001 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனில் நின்றார்கள். கட்சிக்குள் பிளவு வந்த பிறகு 2004 முதல் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம். ஆகவே சம்பந்தன் 1977 இல் உதயசூரியன், 2001 இல் உதயசூரியன், 2004 முதல் 2020 வரை வீடு. தேர்தல்கள் ஆணைக்குழுவின் முடிவுகளில் இந்தப் பெயர்களால் தேடுங்கள்.

எல்லையும் மாறியிருக்கிறது. 1977 இல் அவர் வென்றது திருகோணமலை என்ற ஒற்றைத் தொகுதி. பிற்காலத்தில் அவர் வென்றது மூதூர், சேருவில, திருகோணமலை என்ற மூன்று பிரிவும் சேர்ந்த மாவட்டம், நாலு ஆசனம். 1977 வாக்கு எண்ணிக்கையையும் 2015 விருப்பு வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘கூடியது, குறைந்தது’ என்று எழுதினால் அது கணக்காகாது.

கறுப்புக் கோட்டுக் காலம்

இதுதான் கஷ்டமான பகுதி. அதனாலேயே எல்லோரும் இதை ஒரு சொல்லில் தாண்டிவிடுகிறார்கள்.

முதலில் சொல் விஷயம். எங்கள் தாத்தாமார் அப்புக்காத்து, பிறக்கிராசி என்று இரண்டு சொல் வைத்திருந்தார்கள். அப்புக்காத்து மேல் கோட்டில் (கோடு என்றால் நீதிமன்றம்) வாதாடுபவர், பிறக்கிராசி கட்சிக்காரரைச் சந்தித்து, வழக்கைக் கட்டி, ஊர்க் கோட்டில் நிற்பவர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. அதற்கு முன் சத்தியப்பிரமாணம் செய்த ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் இதில் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். முதியவர்களிடம் கேட்கும்போதும் பழைய சொல்லையே சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் நினைவு வரும்.

மேன்முறையீட்டுக்குப் போன வழக்கென்றால் நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற வழக்கறிக்கைத் தொகுதிகளில் சட்டத்தரணி பெயரோடு வரலாம். ஊர்க் கோட்டு வழக்குகள் அங்கே வராது. ஒரு ஊர்ச் சட்டத்தரணியின் வாழ்வோ முக்கால்வாசி ஊர்க் கோட்டில்தான். காணிப் பங்கு வழக்கு, எல்லைச் சண்டை, தாபரிப்பு, பிணை, காணி உறுதி எழுதுவது. இவை ஆட்களின் அலுமாரிகளுக்குள்தான் கிடக்கின்றன.

என் பெரியம்மாவுக்குத் தம்பலகாமத்தில் ஒரு வயல் வழக்கு இருந்தது. அது வேறொரு சட்டத்தரணி பார்த்த வழக்கு. அவ ஒவ்வொரு தவணையையும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தா, இன்றைக்கு நீதவான் வரவில்லை, இன்றைக்கு எதிராளி வரவில்லை, இன்றைக்குச் சட்டத்தரணிக்கு இவ்வளவு கொடுத்தேன், பஸ்ஸுக்கு இவ்வளவு என்று. அவ இறந்த பிறகு அந்தத் தாள்களை எடுத்து அடுக்கினபோதுதான், ஒரு ஊர்ச் சட்டத்தரணி ஒரு நாளில் எத்தனை பேருடைய தலைவிதியைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டடியில் நிற்கிறார் என்று எனக்கு விளங்கியது. இப்படியான தாள்கள் உங்கள் ஊரிலும் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.

கேட்கும் முறையும் முக்கியம். ‘ஐயாவைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்றால் எல்லோரும் ‘தங்கமான மனுசன்’ என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதை வைத்து ஒரு பந்தி கூட எழுத முடியாது. ‘உங்கட வழக்குக்கு எத்தனை தரம் கோட்டுக்குப் போனீங்கள்? காசு எப்படிக் குடுத்தீங்கள்? அவர் வீட்டுத் திண்ணையிலயா கதைச்சவர், ஒபிஸிலயா? எந்தப் பாஷையில கதைச்சவர்?’ என்று கேளுங்கள். வழக்கில் தோற்றவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள்.

ஹன்சாட்டை எப்படிப் படிப்பது

ஹன்சாட் என்பது சபையில் பேசியதை அப்படியே அச்சிட்ட பதிவு. பாராளுமன்ற இணையத்தளத்தில் பிற்கால ஹன்சாட் கிடைக்கும். பழையவற்றுக்குக் கொழும்பு போக வேண்டும், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைக் கோவைகளையும் அதே பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம். பத்திரிகைக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம் பெரிய உதவி, வீட்டிலிருந்தே நிறையப் பார்க்கலாம். போவதற்கு முன் உங்கள் அட்டவணையைப் பார்த்துத் திகதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள், திகதி இல்லாமல் போனால் கோவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, 1977 இல் அவர் போன சபைக்குப் பெயர் பாராளுமன்றம் அல்ல, தேசிய அரசுப் பேரவை. 1978 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு வந்த பிறகுதான் பாராளுமன்றம். கோட்டை கட்டடத்துக்கு மாறியது 1982 ஏப்ரலில், அதுவரை காலிமுகத்திடல் பழைய கட்டடம். கோட்டை என்றது கோட்டே, ஸ்ரீ ஜயவர்த்தனபுரம், எங்கள் பிரெட்ரிக் கோட்டையோடு குழப்பிவிடாதீர்கள். மற்றது, ஹன்சாட்டில் பேச்சு பேசப்பட்ட மொழியிலேயே அச்சாகும். சம்பந்தன் சபையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசியவர். தமிழில் மட்டும் தேடினால் அவர் பேசவே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். பெயரை மூன்று எழுத்திலும் தேடுங்கள், ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பல விதமாக மாற்றியும் போட்டுப் பாருங்கள்.

எல்லாப் பேச்சையும் படிக்க முடியாது, படிக்கவும் தேவையில்லை. ஒரு விஷயத்தைப் பிடியுங்கள், அதைப் பல வருடம் பின்தொடருங்கள். திருகோணமலைக்கு நான் பிடிக்கச் சொல்வது காணி.

காரணம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் அரசியல் என்றால் அது கடைசியில் காணியில்தான் வந்து நிற்கும். கந்தளாய், அல்லை என்று குடியேற்றத் திட்டங்கள் வந்தன, மக்கள் தொகைக் கணக்கு மாறியது, 1977 தேர்தலுக்குச் சேருவில என்ற புதிய தொகுதியே முளைத்தது. ஊர்க் கோட்டில் ஒரு சட்டத்தரணி பார்த்தது சொந்த உறுதி உள்ள காணி எது, அரசின் அனுமதிப் பத்திரத்தில் இருக்கும் பெர்மிட் காணி எது என்ற சண்டை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எவ்வளவு பலவீனமாக நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். அதே ஆள் சபைக்குப் போனபோது அதே கேள்வியைத்தான் மாவட்டம் முழுக்கப் பெரிதாக்கிக் கேட்டார். சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 போரில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம், அனல்மின் நிலையத் திட்டம் என்று பூட்டப்பட்டுக் கிடந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆட்கள் வருடக்கணக்காக இருந்தார்கள், 2015 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அந்த ஒன்பது வருடத்துக்குச் சம்பூர் என்ற சொல்லை மட்டும் ஹன்சாட்டில் தேடுங்கள். யார் எப்போது கேட்டார்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார், எந்த வருடம் யாருமே கேட்கவில்லை என்று ஒரு தனித்தாளில் எழுதுங்கள். பக்கத்திலே ஒரு முகாம் குடும்பம் சொல்லும் திகதிகளைப் போடுங்கள். இரண்டு நிரலும் சில இடத்தில் சேரும், சில இடத்தில் சேராது. உங்கள் கட்டுரையின் உயிர் அந்தத் தாளில்தான் இருக்கும்.

அவருடைய பெயர் தாங்கிய வழக்கு

சட்டத்தரணி ஒருவரின் அரசியல் வாழ்வை எழுதும்போது, அவர் வழக்காளியாகவே கோட்டுக்குப் போன சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சம்பந்தனுக்கு இருக்கிறது, மிகப் பெரிதாக. 2018 ஒக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன பிரதமரை மாற்றினார், நவம்பர் 9 அன்று பாராளுமன்றத்தைக் கலைத்தார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தாக்கலான அடிப்படை உரிமை மனுக்களில் முன்னால் நிற்கும் 351/2018 இன் மனுதாரர் இராஜவரோதயம் சம்பந்தன், எதிர்மனுதாரர் சட்டமா அதிபர். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள். அன்றைக்கு இருந்த அரசியலமைப்பின்படி, பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் முடியும் முன் மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தீர்மானம் இல்லாமல் கலைக்க முடியாது என்பது விஷயம். இன்றைக்குச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை அவர் பெயரால்தான் படிக்கிறார்கள். திருகோணமலைக் கோட்டில் கட்சிக்காரருக்காக நின்றவர் எண்பத்தைந்து வயதில் தானே மனுதாரராக நின்றது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம். தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், நீளம்தான், ஆனால் விளங்கும் மொழியில் இருக்கிறது.

அதே காலத்தில் அவர் எதிர்க்கட்சித் தலைவர். 2015 செப்டெம்பரில் அந்தப் பதவிக்கு வந்தார், அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அதில் இருந்த தமிழர் அவர். 2018 டிசம்பரில் அது மகிந்த ராஜபக்சவுக்குப் போனது. கலைப்பு வழக்கில் வென்ற அதே மாதத்தில்தான் பதவியும் போனது. இரண்டையும் அட்டவணையில் ஒரே வரியில் எழுதுங்கள்.

பிடிக்காதவர்கள் சொல்வதையும் எழுதுங்கள்

2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் அவர் நாட்டின் தேசியக் கொடியான சிங்கக் கொடியைக் கையில் பிடித்தார், எங்கள் ஆட்கள் பலருக்கு அது ஆறாத காயம். 2010 இல் சரத் பொன்சேகா, 2015 இல் சிறிசேன, 2019 இல் சஜித் பிரேமதாச என்று ஜனாதிபதித் தேர்தல்களில் எடுத்த நிலைப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் ஆதரவு, ஒரு கூட்டம் கோபம். அரசியல் தீர்வு வருகிறது என்று அவர் சொன்ன வருடங்கள் தீர்வு இல்லாமலே கடந்தன. கடைசிக் காலத்தில் உடல் இயலாமல் சபைக்கு அடிக்கடி போக முடியவில்லை, விலகி இடம் விடச் சொன்ன குரல் கட்சிக்குள்ளேயே எழுந்தது. இதையெல்லாம் மறைத்து எழுதினால் அவரை நேசிக்கிற ஆள் கூட உங்கள் கட்டுரையை நம்பமாட்டார். ஒவ்வொன்றுக்கும் திகதி, அவர் சொன்ன காரணம், எதிர்த்தவர் சொன்ன காரணம். மூன்றையும் போட்டுவிட்டு, அதன் பிறகு உங்கள் அபிப்பிராயத்தை உங்கள் பெயரில் எழுதுங்கள்.

எம்.பி.யின் ஒதுக்கீட்டில் எந்த ஊருக்கு ரோடு போட்டார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கொடுத்தார்கள் என்ற கணக்குக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாளுக்குள் தருகிறோம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். ‘எல்லாம் தாருங்கள்’ என்று எழுதாதீர்கள். வருடத்தைக் குறித்து, பிரதேச செயலகப் பிரிவைக் குறித்து, வேலைத்திட்டப் பட்டியல் வேண்டும் என்று தமிழிலேயே எழுதுங்கள். மிகப் பழைய கோவைகள் இல்லாமல் போயிருக்கலாம், அப்படியென்றால் இல்லை என்ற பதிலையே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த பிரதியை அச்சுக்குக் கொடுக்கும் முன் நகரத்துக்குள் மட்டும் காட்டாதீர்கள். கிண்ணியாவில் ஒருவர், மூதூரில் ஒருவர், சேருவிலவில் ஒரு சிங்களக் குடும்பம், நிலாவெளிப் பக்கம் ஒரு மீனவர் என்று நாலு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் நாலு பேருக்கும்தான் எம்.பி. எங்கள் பிரதியைக் கிண்ணியாவில் வாசித்தபோது ஒரு நானா கேட்டார், ‘பாலம் வருவதற்கு முன் பாதையில் ஏறித்தானே தம்பி எல்லாரும் வந்தார்கள், அதை ஏன் எழுதவில்லை?’ என்று. கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறந்தது. அதற்கு முன் கோட்டுத் தவணைக்கு வருபவர் விடியப் புறப்பட்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நின்று, கடந்து வந்து, சட்டத்தரணி வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். அந்தப் பந்தியை நாங்கள் அன்றிரவே சேர்த்தோம்.

முதியவர்களைப் பார்க்கப் போவதென்றால் காலை பத்து மணிக்கு முன் போங்கள். மத்தியானம் படுத்துவிடுவார்கள், பின்னேரம் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்விடுவார்கள். முதல் நாள் ஒலிப்பதிவை எடுக்காதீர்கள், சும்மா தேநீர் குடித்துக் கதைத்துவிட்டு வாருங்கள். இரண்டாம் நாள் அவர்களே பழைய பெட்டியை இறக்கி வைத்திருப்பார்கள்.